படத்துக்கு அடியில் ரெட் ஆக்சைடு

நான் உண்டாக்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் இவன் யார் என்று கேட்கக் கூடாது.

பட்டினப்பாக்கத்தில் நான்கு தகரத்தை நிறுத்தி நான் ஆரம்பித்த வெல்டிங் பட்டறையில் இன்று பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். மந்தைவெளியில் மாடி வீடு. அதன் ஜன்னல் கம்பியிலிருந்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் ஏணி வரைக்கும் என் கையால் வளைத்தது. சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பதினெட்டு அடி அகலத்தில் நான் போட்ட கேட்டை ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒற்றைக் கையால் தள்ளித் திறக்கிறது. மயிலாப்பூரில் நான் கேட்டு போடாத தெரு ஒன்றைக் காட்டினால், நாளைக்கே போய் ஒன்று போட்டுவிட்டு வருகிறேன். மகளை இன்ஜினியர் ஆக்கினேன். இத்தனையும் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தது. அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவன் நான். ஒவ்வொரு பெருமழைக்கும் ஆறு வந்து எங்கள் அடுப்பை எடுத்துக்கொண்டு போகும். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்தபோது, நகரத்துக்குள்ளேயே காலை ஊன்றி நின்றவன்.

இந்தப் பட்டியலில் கடைசியாக ஒன்று இருக்கிறது. அகலம் ஐந்நூறு பிக்சல், உயரம் நூற்றைம்பது பிக்சல். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

மன்றத்தின் இந்தப் பத்தாம் ஆண்டு மலரைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்காக: நம்முடையது மாடித்தோட்டம் போடுகிறவர்களின் இணைய மன்றம். சந்தேகத்தை எழுதினால் நான்கு பேர் பதில் எழுதுவார்கள். நடத்துகிறவர் சாந்தோமில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரம்மா. அவர் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக எல்லோரும் டீச்சர். அதனால் மன்றத்தில் இருக்கும் நாம் எல்லோரும் அவருக்கு மாணவர்கள்.

முழங்கால் தேய்ந்து, பட்டறைக்கு வாரத்தில் மூன்று நாள் போனால் போதும் என்று ஆனபோது நான் மன்றத்துக்குள் வந்தேன். எங்கள் மாடியில் கத்தரிச் செடிகளில் மாவுப்பூச்சி. பாலவாக்கத்தில் குடியிருக்கும் என் மகள், தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்து, "நைனா, பூச்சி பத்தி இங்க கேளு" என்று மன்றத்தைத் திறந்துகாட்டினாள். 'கேட்டு மேஸ்திரி' என்ற பெயரில் சேர்ந்தேன். பூச்சிக்கு வழி சொன்னார்கள், பூச்சியும் போனது. ஆனால் என் கண் வேறொன்றில் மாட்டிக்கொண்டது.

ஒவ்வொருவர் எழுதியதற்கும் கீழே ஒரு சின்னப் படம் இருந்தது. கையொப்பப் படம் என்றார்கள். டீச்சரம்மாவுக்குச் செம்பருத்தி. இன்னொருவருக்குப் பாகற்கொடி வளைத்த பெயர். ஒருவருக்குக் கிளி. எனக்குக் கீழே ஒன்றுமில்லை, காலி மனை மாதிரி. ஊருக்கெல்லாம் வாசலில் பெயர் எழுதிக் கொடுத்தவன் நான். கேட்டிலேயே கம்பியை வளைத்து எழுத்தை நிறுத்துவேன். அப்படிப்பட்டவனுக்கு வாசல் மொட்டையாக இருக்கலாமா?

மகளிடம் கேட்டேன். படம் திருத்தும் மென்பொருள் ஒன்றை லேப்டாப்பில் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து காட்டினாள். எப்படி வெட்டுவது, எப்படி ஒட்டுவது, எப்படிச் சேமிப்பது. கிரைண்டரைப் பிடித்த கைக்கு மவுஸ் அடங்கவில்லை. நான் பிடித்த பிடியில் முதல் மவுஸ் உடைந்தது. இரண்டாவதை முட்டை மாதிரிப் பிடித்தேன்.

மன்றத்தின் விதியில் அகலம் ஐந்நூறு, உயரம் நூற்றைம்பது என்று போட்டிருந்தது. எதில் ஐந்நூறு என்று எனக்குப் புரியவில்லை. நமக்குத் தெரிந்த அளவு இஞ்ச். அடுத்தவர்கள் படம் திரையில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு நமக்கும் போதும் என்று டேப்பை எடுத்து லேப்டாப் மேல் வைத்தேன். என் வீட்டுக்காரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாயா, டேப்ப எட்த்துக்கினு அத அளக்குற? அதுக்கும் கேட்டு போடப் போறியா?"

"படத்துக்கு அளவு எடுக்கறேன். நீ உன் வேலயப் பாரு."

"என் வேலயத்தான் பாக்கறேன். மாடில தண்ணி ஊத்தறது நானு, மண்ணு கொத்தறது நானு. படம் போட்டுக்கறது நீயி."

டேப்பை இழுத்து அளந்தேன். அகலம் ஐந்தேகால், உயரம் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே. மென்பொருளில் இஞ்ச் என்று தேர்ந்தெடுத்து அதே அளவைக் கொடுத்து, நான் போட்ட கேட்டு ஒன்றின் போட்டோவை ஒட்டினேன். ஒரு இஞ்சுக்கு எத்தனை பிக்சல் என்று அதுவே ஒரு எண்ணைப் போட்டுவைத்திருந்தது. முந்நூறு. பெரிய எண்ணாக இருப்பது நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். மன்றம் பெரிய படத்தை நேராக ஏற்றாது. வேறொரு இடத்தில் ஏற்றி இணைப்பைக் கொடுத்தால் ஏற்கும் என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்து அப்படியே செய்தேன்.

மறுநாள் காலையில் டீச்சரம்மா போன் செய்தார். அதுவரை அவர் குரலை நான் கேட்டதில்லை.

"ஐயா, உங்க படம் வந்ததுல இருந்து யாரும் எதையும் படிக்க முடியல."

"ஏம்மா, நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொம்பப் பெரிசு. அது பக்கத்தையே பக்கவாட்டுல இழுத்துட்டுது. உங்க கத்தரிக்காயைப் படிக்க எல்லாரும் வலது பக்கம் தள்ளிட்டே போறாங்க."

"அஞ்சேகால் இஞ்ச்தாம்மா போட்டேன். டேப் வச்சு அளந்தேன்."

"எது மேல டேப் வச்சீங்க?"

"லேப்டாப் மேலதான்."

பிறகு அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "ஐயா, வீட்ல ஓட்டைத் தகடு இருக்கா?"

என் வீட்டில் ஓட்டைத் தகடு இல்லாமல் இருக்குமா? சமையலறை ஜன்னலிலேயே இருக்கிறது.

"அதுல இஞ்சைப் பாக்காதீங்க. ஓட்டையை எண்ணுங்க. குறுக்க ஐந்நூறு ஓட்டை, மேலகீழ நூத்தம்பது ஓட்டை. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு கலர். அவ்வளவுதான் படம். ஓட்டை சின்னதா பெரிசாங்கறது பாக்கறவங்க திரையைப் பொறுத்தது."

நாற்பது வருடம் பாடம் நடத்தியவர், எனக்கு ஒரே நிமிடத்தில் நடத்திவிட்டார். அதன் பிறகு எனக்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மீதியெல்லாம் நானே கண்டுபிடித்தது.

மவுஸால் வளைவு போட எனக்கு வரவில்லை. அதற்காக விடுகிறவனா நான்? பட்டறையில் எப்படிச் செய்வோம்? கேட்டின் முழு அளவைத் தரையில் சாக்பீஸால் வரைவோம். கம்பியை அந்தக் கோட்டின் மேல் வைத்து வளைப்போம். அதே மாதிரி மொட்டை மாடித் தரையில் ஆறடி அகலத்துக்குக் 'கேட்டு மேஸ்திரி' என்று எழுதினேன். தொட்டி ஏணியில் ஏறி நின்று மேலிருந்து போனில் படம் பிடித்தேன். அந்தப் படத்தை லேப்டாப்பில் அடியில் வைத்து, கோட்டின் மேலேயே கோடு போட்டேன்.

துணி காயப்போட வந்த வீட்டுக்காரி எழுத்தைத் தாண்டித் தாண்டி நடந்தாள். "வாசல்ல நான் போடறேன் கோலம். இப்ப மாடிலயும் ஆரம்பிச்சாச்சா? புள்ளி வச்சிக்கினியா?"

புள்ளிதான் எனக்குப் பெரிய விஷயம். மெய்யெழுத்தின் தலைக்கு மேல் புள்ளி தனியாக நிற்கும். காகிதத்தில் நிற்கும், இரும்பில் நிற்காது. எதோடும் ஒட்டாத துண்டு கீழே விழுந்துவிடும். அதனால் நான் போடும் கேட்டுகளில் புள்ளிக்கு ஒரு சின்னக் காம்பு வைத்துக் கீழே எழுத்தோடு வெல்டிங் வைப்பேன். படத்திலும் கை தானாகக் காம்பு வைத்தது.

அடுத்தது வண்ணம். லேயர் என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடித்தாள்களை அடுக்கிவைத்த மாதிரி, கீழே ஒன்று, மேலே ஒன்று. எனக்கு அது புதிதே இல்லை. கேட்டுக்கு முதலில் துருப் பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பூசுவோம், அதன் மேல் கறுப்பு, விளிம்பில் வெள்ளி. அதே வரிசையில் மூன்று லேயர் போட்டேன். லேயருக்குப் பெயர் வைக்கச் சொன்னது. அடியில் இருந்ததற்கு 'ரெட் ஆக்சைடு' என்று வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் அதைப் பார்த்தாள். "நைனா, மேல கறுப்பு மூடிடுதே. அடில செவப்பு யாருக்குத் தெரியும்? எதுக்கு?"

"கேட்டுலயும்தான் தெரியாது."

"கேட்டு துருப் புடிக்கும். இது புடிக்குமா?"

"புடிக்காதுன்னு நீ எழுதிக் குடுப்பியா?"

பட்டினப்பாக்கத்துக் கடற்காற்றில் வேலை கற்றவனிடம் இதைக் கேட்கக் கூடாது. ரெட் ஆக்சைடு பூசாத கேட்டை அங்கே வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. பூசாமல் ஒரு வேலையை முடிக்க என் கைக்கு வராது. கறுப்பு எழுத்தை விடச் சரியாக ஒரு பிக்சல் அகலமாக ரெட் ஆக்சைடு லேயரை வைத்தேன். தூரிகை கொஞ்சம் வெளியே போகத்தானே செய்யும். அதனால் கறுப்பு எழுத்தைச் சுற்றி, உலையிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி, மெல்லிய சிவப்பு தெரிந்தது.

படத்தை மன்றத்தில் வைத்தேன். ஓட்டை எண்ணித்தான் வைத்தேன். அன்றைக்கு யாரும் செடியைப் பற்றிப் பேசவில்லை. யார் செய்தது, எங்கே செய்தது, எனக்கு ஒன்று கிடைக்குமா என்றுதான் கேட்டார்கள். முப்பத்துநான்கு பேருக்குச் செய்து கொடுத்தேன். அடையாறில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் பீர்க்கங்கொடி கேட்டார். கொடியைச் சங்கிலிக் கண்ணியாகவே வளைத்துக் கொடுத்தேன். அவர் பேத்தி அதைப் போனில் முகப்பாக வைத்திருக்கிறாளாம். எல்லாவற்றுக்கும் அடியில் ரெட் ஆக்சைடு உண்டு. நீங்கள் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

மன்றம் தொடங்கிப் பத்து வருடம் ஆகப்போகிறது, எல்லோர் பதிவுக்கும் கீழே வரும்படி மன்றத்துக்கே ஒரு பொதுக் கையொப்பப் படம் வேண்டும் என்று டீச்சரம்மா சொன்னபோது, யாரிடம் கேட்பார்? என்னிடம்தான் கேட்டார். மூன்று வாரம் உட்கார்ந்தேன். 'மாடித்தோட்டம்' என்ற சொல்லையே ஒரு கேட்டாக ஆக்கினேன். இரண்டு பக்கமும் தூண், நடுவில் எழுத்து, எழுத்துக்குள் அவரைக்கொடி ஏறிப்போகும். லேயர்களோடு கோப்பை அனுப்பினேன். அவர் அதை மன்றத்தின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பினருக்கு அனுப்பினார். அந்த உறுப்பினர் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் இணையப் பக்கங்கள் செய்கிறவர், நாற்பது வயது இருக்கும்.

படம் வந்தது. எல்லோர் பதிவுக்கும் கீழே என் கேட்டு நின்றது. எல்லோரும் பாராட்டி எழுதினார்கள். படத்தின் மேல் மவுஸை வைத்தால் கீழே ஒரு வரி வந்தது. வடிவமைப்பு என்று போட்டு, அந்தப் பெருங்குடிக்காரர் பெயர்.

மூன்று தடவை மவுஸை எடுத்து எடுத்து வைத்தேன். மூன்று தடவையும் அதே பெயர். வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உன் பேரு இல்லியா?"

"இல்ல."

"இப்பத் தெரிதா?" என்றாள். மாடிக்குப் போய் அவள் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

கோபம் இல்லை என்று சொன்னால் பொய். நான் போட்ட கேட்டுகளில் எதிலும் என் பெயர் இல்லை. வீட்டுச் சொந்தக்காரர் பெயர்தான் இருக்கும், அது முறை. அதற்கு நான் என்றும் வருந்தியதில்லை. ஆனால் என் கேட்டில் இன்னொரு வெல்டர் பெயரை எழுதினால்? இரண்டு மாதம் இதைப் பற்றி யாரிடமும் பேசாமல் இருந்தேன். கேட்டு போடுகிறவன் நேரில் பேசுவான், எழுதமாட்டான். வருடாந்திரக் கூட்டம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

கூட்டம் அடையாறில் ஒரு சின்ன மண்டபத்தில், ஞாயிறு காலை. எல்லோரும் விதை கொண்டுவந்து மாற்றிக்கொள்வோம். மேடைக்குப் பின்னால் பன்னிரண்டு அடிக்கு என் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கட்டியிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் வீட்டுக்காரியோடு உட்கார்ந்து அதைப் பார்த்தேன்.

எழுத்துக்கும் தூணுக்கும் நடுவே, கொடிக்கும் எழுத்துக்கும் நடுவே, சேருகிற ஒவ்வொரு இடத்திலும் மயிரிழையாக வெள்ளைக் கோடு. வெல்டிங் விட்டுப்போன கேட்டு மாதிரி. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் இருக்குமா?

எழுந்து போய் அந்தப் பெருங்குடிக்காரரைக் கண்டுபிடித்தேன். மேடை ஓரத்தில் லேப்டாப்பைத் திரையோடு இணைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, படத்துல இன்னா பண்ணே?"

"நீங்கதான் கேட்டு மேஸ்திரியா? வணக்கம் சார். ஒண்ணும் பண்ணல சார், சும்மா கிளீன் பண்ணேன்."

"இன்னா கிளீன் பண்ணே?"

"புள்ளிக்குக் கீழ ஏதோ காம்பு மாதிரி இருந்துது, எடுத்தேன். அப்புறம் அடில ஒரு செவப்பு லேயர் தேவையில்லாம இருந்துது. அதையும் எடுத்துட்டேன்."

"தேவையில்லாமலா? மேல பாரு. ஜாயிண்ட்லாம் பிரிஞ்சிகினு கீது."

அவர் திரும்பிப் பார்த்தார். முதலில் புரியவில்லை. பத்தடி கிட்டே போனார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். திரும்பி வந்து லேப்டாப்பில் நான் அனுப்பிய பழைய கோப்பைத் திறந்தார்; நல்ல வேளையாக அதை அழிக்காமல் வைத்திருந்தார். அவர் திறந்தது பெரிய திரையிலும் வந்தது. மண்டபம் முழுக்கப் பார்த்தது. ரெட் ஆக்சைடு லேயரை மறைத்தார்: வெள்ளைக் கோடுகள் வந்தன. காட்டினார்: கோடுகள் போயின. மறுபடி மறைத்தார், மறுபடி காட்டினார்.

"விளிம்புல இருக்கற பிக்சல் எல்லாம் பாதி பாதிதான் நெறையும் சார். ரெண்டு விளிம்பு சேர்ற எடத்துல பின்னால இருக்கற வெள்ளை எட்டிப் பாக்கும். அடில செவப்பு இருந்தா பாக்காது. நீங்க இதுக்குத்தான் போட்டீங்களா?"

இந்த இடத்தில் நான் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அதற்காகப் போடவில்லை. பூசாமல் முடிக்க வராது என்பதற்காகப் போட்டேன். ஆனால் அன்றைக்கு, "பின்ன?" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குள் டீச்சரம்மா வந்துவிட்டார். "என்ன இங்க பிரச்சினை?"

"ஒண்ணுமில்ல மேடம். சார் போட்டது சரி, நான் எடுத்தது தப்பு."

"அது மட்டும் இல்லம்மா," என்றேன். "கீழ ஒரு பேரு வருது. அது யார் பேருன்னு கேளுங்க."

பெருங்குடிக்காரர் முகம் சிவந்தது. "ஐயோ சார், அது நான் போட்டதில்ல. யார் ஏத்தறாங்களோ அவங்க பேர் தானா வந்துடும்."

"தானா வந்துச்சு, சரி. ரெண்டு மாசமா தானா போவலியே?"

பின்னாலிருந்து என் வீட்டுக்காரி சிரித்தாள். பீர்க்கங்கொடி ரயில்வேக்காரரும் சிரித்தார். பெருங்குடிக்காரரும் சிரித்துவிட்டார், அங்கேயே உட்கார்ந்து அந்த வரியை அழித்தார். கெட்ட மனிதர் இல்லை. சாப்பாட்டில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். புள்ளிக்குக் காம்பு ஏன் என்று கேட்டார். சொன்னேன். "திரையில எதுவும் கீழ விழாதே சார்," என்றார். அது நியாயம்தான். யோசித்துப் பார்த்தால் காம்பு இல்லாமல் சின்ன அளவில் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் குறைச்சல் இல்லை. புள்ளியை விடுவித்தது அவர் வேலை.

அன்றைக்கு வெள்ளைக் கத்தரி விதை ஒரு பொட்டலமும் சிறகவரை விதை ஒரு பொட்டலமும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சிறகவரை இப்போது தொட்டி ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறது. மாலையில் டீச்சரம்மா போன் செய்து, "பத்தாம் ஆண்டு மலருக்கு இதையே எழுதிக் குடுங்க. கட்டுரைக்குள்ள யார் பேரும் வேண்டாம், அது நம்ம விதி," என்றார். சரி என்றேன். இதுவரை எழுதியதில் ஒரு பெயராவது இருக்கிறதா பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அவர் திருத்தலாம். விஷயத்தைத் திருத்தக் கூடாது.

அழித்த வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. யார் பெயரும் இல்லை. தப்பான பெயரை எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். கேட்டைக் கழற்றிவிட்டுச் சும்மா போனால் அது வாசலா?

இந்த மலரின் அட்டையில் அந்தப் படம் வரப்போகிறது, ரெட் ஆக்சைடோடு. கட்டுரைக்குள் பெயர் வேண்டாம் என்பது விதி. படத்துக்குக் கீழே வேண்டாம் என்று எந்த விதியிலும் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன். ஆகவே அட்டையிலும் மன்றத்திலும் படத்துக்குக் கீழே மூன்று வரி வர வேண்டும். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து என் வீட்டுக்காரி கேட்டதால் மூன்றாவது வரி: தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர் என்று அவள் பெயர். இரண்டாவது வரி: புள்ளியை விடுவித்தவர் என்று பெருங்குடிக்காரர் பெயர். முதல் வரி: வரைந்து, வளைத்து, அடியில் பூசி, செய்து முடித்தவர் என்று என் பெயர். என் பெயர் டீச்சரம்மாவுக்குத் தெரியும். எழுத்து மற்ற இரண்டு வரிகளை விடப் பெரிதாக இருக்கட்டும். எத்தனை பிக்சல் என்று கேட்டால் சொல்கிறேன்.